வேலைக்குப் போகிற வீட்டில் நாய்க்குட்டி: பகலில் யார் பார்ப்பது?

மே மாதம் முழுக்க வீட்டில் சும்மா இருந்துவிட்டு, ஜூனில் பள்ளி திறந்த மறுவாரம் நாய்க்குட்டியைக் கொண்டுவந்த புத்திசாலி நான். கிருஷ்ணகிரியில் வாடகை வீடு. எனக்கு பர்கூர் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை. காலை 8.15-க்குக் கதவைப் பூட்டினால் மாலை 5.15-க்குத்தான் திறப்பேன். கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. கம்பெனி பஸ் 6.45-க்கே வந்துவிடும், வீடு திரும்ப இரவு ஏழரை ஆகும். குட்டியின் பெயர் ராகி. கேழ்வரகு நிறம், நாட்டு நாய், பெட்டை. வந்தபோது எட்டு வாரம்.

முதல் ஒரு மாதத்தில் நாங்கள் செய்யாத தப்பு இல்லை. அதில் ஒன்றில் ராகி போய்ச் சேர்ந்திருக்கும். பெங்களூரில் இருப்பவர்களுக்கு வீட்டருகிலேயே நாய்களுக்கான டே கேர் கிடைக்கும். கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ அந்த வசதியை நம்பிக் குட்டி வாங்க முடியாது. இங்கே கிடைக்கிற ஆள், இங்கே கிடைக்கிற மருத்துவர், நமக்குக் கிடைக்கிற லீவு ஆகியவற்றை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். நாங்கள் எப்படி ஓட்டினோம், எதைத் தலைகீழாகச் செய்தோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

"கட்டிப் போட்டுட்டுப் போம்மா, நாய்தானே" என்று நான்கு பேராவது உங்களிடம் சொல்வார்கள். எட்டு வாரக் குட்டியை ஒன்பது மணி நேரம் கட்டிப் போட்டால் கயிறு கழுத்தில் சுற்றிக்கொள்ளும். அதோடு, குட்டைச் சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அந்த யோசனையை இத்தோடு விட்டுவிடலாம்.

1. குட்டி வரும் முன்பே மணிக்கணக்கைப் போடுங்கள்

ஒரு தாளை எடுத்து, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தை எழுதுங்கள். எங்களுக்கு அது 8.15 முதல் 5.15 வரை, ஒன்பது மணி நேரம்.

குட்டி எத்தனை மணி நேரம் சிறுநீரை அடக்கும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்று கூட்டுங்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம், மூன்று மாதத்துக்கு நான்கு, நான்கு மாதத்துக்கு ஐந்து. இது அதிகபட்சம், சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும் உடனே போயாக வேண்டும். ஆக, எங்கள் ஒன்பது மணி நேரத்துக்கு இரண்டு மாதக் குட்டியைப் பார்க்க யாராவது இரண்டு முறை வர வேண்டும்: 11.15-க்கு ஒரு முறை, 2.15-க்கு ஒரு முறை. நான்கு மாதமானதும் மதியம் ஒரு முறை போதும்.

பயப்பட வேண்டாம், குட்டிகள் ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் வரை தூங்கும். பகல் முழுக்க ஒருவர் மடியில் வைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. நேரத்துக்கு வந்து கதவைத் திறக்க ஒரு கை வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கையை, குட்டி வந்த பிறகு இல்லை, வருவதற்கு முன்பே பிடித்துவைக்க வேண்டும். நாங்கள் குட்டியை வைத்துக்கொண்டு ஆள் தேடினோம். முதல் வாரம் கணவர் மூன்று நாள் லீவு போட்டார். நான்காம் நாள் சமையலறைக்குப் பின்னால் உள்ள சின்ன இடத்தில் விட்டுவிட்டுப் போனோம். மாலையில் திறந்தால் சுவர் வரை மலம். குட்டி அதிலேயே மிதித்துப் புரண்டு, தொண்டை கம்மிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு ஓனருக்குத்தான் போன் போட்டிருந்தார்.

2. வீட்டு ஓனரிடம் எழுதி வாங்குங்கள்

வாயால் "சரிம்மா, வெச்சுக்கோங்க" என்று சொன்ன ஓனர், முதல் புகாரில் மாறிவிடுவார். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது "ஒரு நாய் வளர்த்துக்கொள்ள அனுமதி உண்டு, நாயால் ஏற்படும் சேதத்தை வாடகைதாரர் சரிசெய்து தர வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டாம் பாதியைப் பார்த்தால்தான் அவர் முதல் பாதிக்குச் சம்மதிப்பார். மதியம் வருகிற ஆளிடம் சாவி கொடுக்கப்போவதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால், நாய் வளர்ப்பதைச் சங்கம் ஒட்டுமொத்தமாகத் தடைசெய்யக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. வாடகை வீட்டில் அதைக் காட்டிச் சண்டை போட்டு ஜெயித்தாலும், ஓனரோடு நாள் ஓட்ட வேண்டுமே. எழுதி வாங்குவதே நிம்மதி.

3. தடுப்பூசி அட்டை: இதுதான் குட்டியின் ஆதார் கார்டு

குட்டி வந்த மறுநாளே மருத்துவரிடம் போய் அட்டை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது என்பது 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதி. 30 நாள் குட்டியைக் கையில் கொடுத்து "ஊசியெல்லாம் போட்டாச்சு" என்று சொல்பவரிடம் அட்டையைக் கேளுங்கள். அதில் ஊசி மருந்தின் லேபிள் ஒட்டி, தேதி எழுதி, மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசியே போடவில்லை என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்கள், எலிக்காய்ச்சல் முதலியவற்றுக்குச் சேர்த்துப் போடும் கூட்டு ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை போடுவார்கள். ராகிக்கு எங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்தது 8, 12, 16 வாரம். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். அப்புறம் மருத்துவர் சொல்லும் தேதியில் ஒரு பூஸ்டர், பிறகு வருடாவருடம். குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை.

ஏன் இத்தனை தடவை என்று நானும் கேட்டேன். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் மிச்சம் இருக்கும்வரை, நாம் போடும் ஊசியை அது வேலை செய்ய விடாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் கடைசி ஊசி பதினாறு வாரத்தில். "ஒரு ஊசி போட்டாச்சு, இனி பயமில்லை" என்பதுதான் நான் ஏமாந்த இடம்.

அரசு கால்நடை மருத்துவமனைக்கு என்றால் காலையிலேயே போய்விடுங்கள். நம் மாவட்டங்களில் மருத்துவர்களுக்கு மாடுதான் முதல் வேலை; மதியத்துக்கு மேல் போய் நான் இரண்டு முறை பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய தேதிகளையொட்டி இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் வழக்கமாக நடக்கும். கூட்டு ஊசியைத் தனியாரிடம் போட்டோம், தடவைக்கு 700 ரூபாய்.

அட்டையின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து உங்கள் போனிலும், மதிய ஆளின் போனிலும் வைத்துவிடுங்கள்.

4. மதிய ஆளைத் தேடுவது

இதில்தான் அதிக நேரம் போகும். மூன்று இடங்களில் தேடலாம்.

முதல் இடம், உங்கள் தெருவிலேயே பகலில் வீட்டில் இருப்பவர்கள். நாய், மாடு, ஆடு வளர்த்துப் பழகியவர் என்றால் பாதி வேலை முடிந்தது. இரண்டாவது, ஏற்கெனவே வீட்டு வேலைக்கு வருகிறவர். அவர் காலை ஏழு மணிக்கு வருவதை 11 மணிக்கு மாற்ற முடிந்தால் ஒரு வருகை சும்மாவே கிடைக்கும். மூன்றாவது, பக்கத்தில் அறை எடுத்துத் தங்கிப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். ஆர்வமாக வருவார்கள், தேர்வு நெருங்கினால் காணாமல் போவார்கள். இவர்களை மாற்று ஆளாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் முதலில் வீட்டு வேலைக்கு வந்த அக்காவிடமே கேட்டோம். "நாய்ன்னா பயமெல்லாம் இல்லக்கா, பார்த்துக்கறேன்" என்றார். மாதம் இரண்டாயிரம் கூடுதல் என்றால் யார் பயம் என்று சொல்வார்கள்? மூன்றாம் நாள் கேமராவில் பார்த்தேன்: கதவை ஒரு சாண் திறந்து, சோற்றுத் தட்டைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு மூடுகிறார். அவர்மேல் கோபம் வரவில்லை. கேட்ட விதம் தப்பு. "பயமா?" என்று கேட்காதீர்கள். குட்டியைக் கையில் கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கடைசியில் கிடைத்தவர் எதிர்வீட்டு அம்மா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும், மாடு வைத்திருந்தவர். "ஏம்மா, நாய்க்கு ஆள் வெக்கறீங்களா? எங்க ஊர்ல கேட்டா சிரிப்பாங்க" என்று சிரித்துவிட்டு, "எத்தன மணிக்கு வரணும்?" என்றார். பேச வேண்டியவற்றை முதல் நாளே பேசிவிடுங்கள். கூச்சப்பட்டால் பின்னால் மனக்கசப்பு வரும். நாங்கள் பேசிக்கொண்டது இது:

சம்பளம்: இரண்டு வருகை, ஒவ்வொன்றும் அரை மணி, வாரம் ஐந்து நாள், மாதம் 3,500 ரூபாய். நாங்கள் வீட்டில் இருக்கும் விடுமுறை நாளுக்குப் பிடித்தம் கிடையாது. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. ஜிபேயில் அனுப்பட்டுமா என்றதற்கு, "கைல குடும்மா, போன்ல வந்தா பையன் எடுத்துக்குவான்" என்றார். கையிலேயே கொடுக்கிறோம்.

வேலை: வந்ததும் முதலில் வெளியே கொண்டுபோய் ஒன்றுக்கு, இரண்டுக்கு. அப்புறம்தான் கொஞ்சல். தண்ணீர் மாற்ற வேண்டும், 11.15 வருகையில் சாப்பாடு வைக்க வேண்டும். சாப்பிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி வெளியே. போகும்போது மலம் எப்படி இருந்தது என்று எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். இதைப் படித்துச் சிரிக்காதீர்கள். குட்டியின் உடம்பைப் பற்றி முதலில் சொல்வது அதுதான்.

கூடாதது: தெருவில் இறக்கிவிடக் கூடாது. தெரு நாய்களோடு விடக் கூடாது. வீட்டுச் சாப்பாடு எதுவும் என்னைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

முதல் மூன்று நாள் நாம் வீட்டில் இருக்கும்போதே அவரை வந்து செய்யச் சொல்லுங்கள். அந்த மூன்று நாளுக்கும் சம்பளம் உண்டு. அப்போதுதான் சின்னச் சின்ன விஷயங்கள் தெரியும். எங்கள் எதிர்வீட்டு அம்மா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நாங்கள் "வா" என்றால் ராகி யோசிக்கும். அவர் "ரா" என்றால் ஓடும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது ஆச்சரியம் இல்லை. ஆனால் குட்டிக்கு ஒரு சொல்லுக்கு ஒரு மொழிதான் நல்லது என்று நாங்களும் "ரா"வுக்கு மாறிக்கொண்டோம்.

மாற்று ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும். ஆடி மாதம் குலசாமி கோவிலுக்கென்று அவர் நான்கு நாள் ஊருக்குப் போனபோதுதான் எங்களுக்கு அது உறைத்தது.

இன்னொன்று, கடி. குட்டிப் பல் ஊசி மாதிரி; விளையாட்டில் கீறும். வெறிநோய்த் தடுப்பூசி முடியாத குட்டி யாரையாவது கடித்து ரத்தம் வந்தால், கீறினால்கூட, 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துப் போங்கள். ஊசி அங்கே இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்கள். "வீட்டு நாய்தானே" என்று அந்த அம்மா மறுப்பார். விடாதீர்கள். உங்கள் வீட்டு வேலையில் பட்ட காயம், போய்வரும் செலவும் அலைச்சலும் உங்களுடையது.

5. இடத்தைத் தயார் செய்தல்

வீடு முழுக்கத் திறந்து விடாதீர்கள்; ஒரு மூலை போதும். மடக்குக் கம்பித் தடுப்பு, கடைகளில் ப்ளே பென் என்பார்கள், 2,800 ரூபாய்க்கு வாங்கினோம். உள்ளே ஒரு பக்கம் படுக்கை, எதிர்ப்பக்கம் செய்தித்தாள், கவிழாத கனமான தண்ணீர்க் கிண்ணம், கடிக்க இரண்டு ரப்பர் சாமான். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டினால் இறுகிவிடும். பூட்டிய கூண்டு இரவுக்குச் சரி, ஒன்பது மணிநேரப் பகலுக்குச் சரியில்லை.

மொட்டை மாடித் தகர ஷெட்டிலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலோ விட்டுப் போகவே வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். ஓசூரில் இருப்பவர்கள் உயரத்தின் புண்ணியத்தில் கொஞ்சம் தப்பித்துக்கொள்வார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, காவேரிப்பட்டணம் பக்கம் ஏப்ரல், மே வெயிலில் கீழ்த்தளத்து அறை, ஃபேன், தரையில் ஈரச் சாக்கு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு பேப்பரில் வரும். அன்று காலை ஒன்பதுக்குப் போன கரண்ட் பல மணி நேரம் வராது. அந்தத் தேதியை மதிய ஆளிடம் முதல் நாளே சொல்லுங்கள். நாங்கள் அன்றைக்குக் குட்டியை எதிர்வீட்டுத் திண்ணைக்கே அனுப்பிவிடுவோம்.

எட்டும் உயரத்தில் இருக்கும் வயர், எலி மருந்து, கொசு மருந்து, மாத்திரை எல்லாவற்றையும் மேலே ஏற்றுங்கள். வாசலில் அரளி இருந்தால் குட்டி அந்தப் பக்கம் போகாமல் அடைத்துவிடுங்கள். இலை, பூ, வேர் எல்லாமே விஷம்.

கேமரா 2,100 ரூபாய். உதவிதான், ஆனால் முதல் வாரம் நான் வகுப்பு இடைவேளையெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தேன். ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் பார்ப்பதில்லை என்று எனக்கு நானே தடை போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

6. லீவைப் போட்டுத் தனிமைக்குப் பழக்குங்கள்

எனக்கு வருடத்துக்கு 12 தற்செயல் விடுப்பு. அதை இருவரும் சேர்ந்தாற்போல் எடுக்காமல் மாற்றி மாற்றி எடுத்தால் சனி, ஞாயிறு சேர்த்துப் பத்து நாள் தாண்டும். ஆசிரியர்கள் மே முதல் வாரத்தில் கொண்டுவந்துவிடுங்கள், என்னைப் போல் ஜூனில் வேண்டாம். ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு: ஒருவர் முதல் ஷிப்ட், இன்னொருவர் ஜெனரல் என்று ஒரு மாதம் கேட்டு வாங்கினால், தனியாக இருக்கும் நேரம் பாதியாகிவிடும். கணவர் இதைக் கேட்கவே ஒரு மாதம் தயங்கினார். கேட்டபோது மேலதிகாரி உடனே ஒத்துக்கொண்டார், அவர் வீட்டில் இரண்டு லேப்ரடார்.

லீவில் குட்டியோடு ஒட்டிக்கொண்டே இருந்தால் லீவு போட்டதே கெடுதல். முதல் நாளே தடுப்புக்குள் விட்டு இரண்டு நிமிடம் வெளியே போங்கள். அப்புறம் ஐந்து, பதினைந்து, அரை மணி, ஒரு மணி. பத்தாம் நாள் மூன்று மணி நேரம். கிளம்பும்போது "அம்மா போய்ட்டு வந்துடறேன் செல்லம்" நாடகம் வேண்டாம். பேசாமல் போங்கள், பேசாமல் வாருங்கள். ராகிக்குச் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டாலே அழுகை. சும்மா இருக்கும்போது சாவியை எடுத்து ஆட்டி, எங்கேயும் போகாமல் உட்கார்ந்து அந்தப் பழக்கத்தை உடைத்தோம்.

7. சாப்பாடு

நான்கு மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. எங்கள் நேரம்: காலை 7, 11.15, மாலை 5.30, இரவு 9.

களியும் பாலும் கரைத்து ஊற்றியே வளர்த்த நாய்கள் நம் ஊரில் நிறைய. ஆனால் வளரும் குட்டிக்குப் புரதம் வேண்டும். பசும்பால் நிறைய குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். குட்டிகளுக்கான தீனியோ, குழைந்த சோறோடு எலும்பில்லாத வேகவைத்த கோழியும் முட்டையுமோ போதும். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குத்தும். நம்முடைய தலைவலி, காய்ச்சல் மாத்திரையைக் குட்டிக்கு உடைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், உயிர் போகும்.

கிருஷ்ணகிரிக்கென்றே ஒரு எச்சரிக்கை: மாங்கொட்டை. ஜூன், ஜூலையில் இங்கே எந்தத் தெருவில் குனிந்தாலும் ஒரு கொட்டை கிடக்கும். குட்டி அதைச் சப்பத் தொடங்கி விழுங்கிவிட்டால் குடலில் அடைத்துக்கொள்ளும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மாம்பழச் சதை கொஞ்சம் கொடுப்பதில் தப்பில்லை. கொட்டையை மூடி போட்ட குப்பைக்கூடையில் போடுங்கள். மதியம் வருகிறவரிடமும், மாம்பழக் கூடையோடு வரும் விருந்தாளிகளிடமும் சொல்லுங்கள். தோப்புக்குப் பக்கத்தில் வீடு என்றால் மருந்து அடிக்கும் நாளில் குட்டியை வெளியே விடாதீர்கள்.

8. காப்பகம்: எப்போது, எப்படி

ஓசூர்ப் பக்கம் நாய்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடங்களும், தங்கவைக்கும் இடங்களும் இருக்கின்றன. எங்களிடம் பகலுக்கு மட்டும் 400, இரவும் சேர்த்து 600 ரூபாய் கேட்டார்கள். ஓசூரிலேயே குடியிருப்பவர்களுக்கு இது கட்டுப்படியாகலாம். 22 வேலைநாளுக்கு 8,800 ரூபாய். கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் ஐம்பது கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. கம்பெனி பஸ்ஸில் நாய்க்கு சீட்டும் இல்லை. எங்களுக்கு அது வெளியூர் போகும் நாட்களுக்கு மட்டும்.

ராகிக்குப் பத்து வாரம், ஒரே ஒரு ஊசி போட்டிருந்தது. எனக்குத் தருமபுரியில் இரண்டு நாள் பயிற்சி, கணவருக்கு ஓவர்டைம். மதிய ஆள் இன்னும் கிடைக்கவில்லை. ஒரு காப்பகத்தில் கேட்டோம். "கொண்டு வாங்க மேடம்" என்றார்கள். அட்டையைக் கேட்கவே இல்லை. பரவாயில்லையே, தொல்லையில்லாத இடம் என்று சந்தோஷப்பட்டேன். கூட்டிவந்த ஐந்தாம் நாள் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகிப் போய்ப் படுத்தது. இரவு வாந்தி. காலையில் ரத்தம் கலந்த பேதி. அந்த நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பரிசோதனையில் பார்வோ. "ஒரு ஊசி போட்ட குட்டிய ஏம்மா நாலு நாய் வர்ற எடத்துல விட்டீங்க?" என்றார் மருத்துவர். ஆறு நாள் டிரிப்ஸ், என்னுடைய ஐந்து தற்செயல் விடுப்பு, 11,400 ரூபாய். பிழைத்துவிட்டது. அதே காசில் எதிர்வீட்டு அம்மாவுக்கு மூன்று மாதச் சம்பளம் கொடுத்து மிச்சமும் இருந்திருக்கும்.

ஆகவே, பதினாறு வார ஊசி முடிந்து ஒரு பத்து நாள் ஆகும்வரை காப்பகம் வேண்டாம். அட்டையைக் கேட்காமல் சேர்த்துக்கொள்கிற இடத்துக்கு எப்போதுமே வேண்டாம். உங்களிடம் கேட்காதவர்கள் மற்றவர்களிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சேர்க்கும் முன் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு முறை போய்ப் பாருங்கள். குட்டிகளுக்குத் தனி இடம் உண்டா, பெரிய நாய்களோடு கலந்து விடுகிறார்களா, இரவில் ஆள் தங்குகிறாரா, எந்த மருத்துவரை அழைப்பார்கள் என்று கேளுங்கள். எதைப் போட்டுத் தரையைக் கழுவுகிறீர்கள் என்றும் கேளுங்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பினாயிலுக்கு அசையாது. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். உங்கள் வீட்டில் வந்துபோயிருந்தாலும் இதே கணக்குத்தான். தரை காய்ந்த பிறகே குட்டியை விட வேண்டும்.

கையெழுத்து வாங்கும் படிவத்தைப் படித்துப் பாருங்கள். "எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு வரி இருக்கும். நோய் கண்டால் உடனே போன் செய்ய வேண்டும், இத்தனை ரூபாய் வரை கேட்காமலே சிகிச்சை செய்யலாம் என்று பக்கத்தில் பேனாவால் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அட்டை நகல், உங்கள் ஆதார் நகல், குட்டியின் வழக்கமான தீனி இரண்டு நாளைக்குக் கூடுதலாக. திடீரென்று தீனி மாறினால் அதற்கே வயிறு போகும்.

ஊசி முடியும்வரை தெருவில் விடாதீர்கள் என்றால் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்கச் சொல்லவில்லை. மூன்று மாதம் வரை பார்த்துக் கேட்டதெல்லாம்தான் பின்னால் அதற்குப் பயமில்லாததாக இருக்கும். கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரை போங்கள், ஹாரன் கேட்கட்டும், மனிதர்களைப் பார்க்கட்டும். அங்கே தரையில் மட்டும் இறக்காதீர்கள்.

9. அவசரத்துக்கு ஒரு உறை

ஒரு உறையில் 2,000 ரூபாய், அட்டை நகல், பக்கத்து மருத்துவர் எண், ஓசூரில் இரவிலும் பார்க்கும் மருத்துவமனையின் எண், தெரிந்த ஆட்டோக்காரர் எண், ஒரு கடிதம். கடிதத்தில்: "என் நாய்க்கு அவசரம் என்றால் இதைக் கொண்டுவருபவர் சொல்வதன்பேரில் சிகிச்சை தொடங்கலாம், செலவை நான் ஏற்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்து. உரிமையாளர் இல்லாமல் மயக்க மருந்து கொடுக்கவோ அறுவை செய்யவோ மருத்துவர்கள் தயங்குவார்கள், அதனால்தான்.

நான் வகுப்பில் இருந்து போன் எடுக்காவிட்டாலும் காத்திருக்க வேண்டாத அறிகுறிகளை அந்த அம்மாவிடம் சொல்லிவைத்தோம்: ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் வாந்தி, ரத்தப் பேதி, ஈறு வெளுத்துப் போவது, வலிப்பு, வெயிலில் நிற்காத மூச்சிரைப்பு, விழுங்கக் கூடாததை விழுங்கியது.

10. எப்போது குறைக்கலாம்

நான்கு மாதத்தில் ஒரு வருகையாகக் குறைத்தோம், 12.45-க்கு. சம்பளத்தை 2,000 ஆக்கினோம். ஆறு மாதமானதும் ஐந்தாறு மணி நேரம் தாங்கும். இருந்தாலும் மதிய வருகையை நிறுத்தவில்லை, வளர்ந்த நாய்க்கும் ஒன்பது மணி நேரம் அடக்குவது கொடுமைதான்.

பெட்டைக் குட்டி என்றால் கருத்தடை அறுவை சிகிச்சையையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு பத்து நாளாவது தையலை நக்காமல், குதிக்காமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மதியம் அரை மணி வந்துபோகும் ஆள் போதாது. நாங்கள் டிசம்பர் அரையாண்டு விடுமுறையின் முதல் நாளுக்கே தேதி வாங்கினோம். அதை நவம்பரிலேயே கேட்டு வைக்க வேண்டியிருந்தது.